நார் கலந்த ஃபைபர் பலகையில் துளை போடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கத்து ஃபைபர் போட் பட்டறைகளில் வேலை செய்பவர்கள், ராமநாதபுரத்தில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், சாயல்குடிப் பக்கம் பனை நாரில் தொழில் பார்க்கும் பெண்கள். இந்த மூன்று தரப்பும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பலகை என்று நான் சொல்லும் இடமெல்லாம் பனை, தென்னை, கற்றாழை மாதிரியான நாரை பாலியெஸ்டர் அல்லது எபாக்சி ரெசினில் (ஊற்றினால் இறுகிவிடும் பிசின்) போட்டு வார்த்த பலகையைத்தான் சொல்கிறேன்.

"நார் போட்ட பலகையில ஓட்டை போட்டா ஏன்ணே ஓரமெல்லாம் பிஞ்சு வருது? கிளாஸ் ஃபைபர்ல இவ்வளவு வர்றதில்லையே?"

கண்ணாடி இழை நொறுங்கும் தன்மையுள்ளது. டிரில் பிட்டின் வெட்டுவாய் பட்டதும் பொட்டென்று உடைந்துவிடும். தாவர நார் அப்படியல்ல. நடுவில் குழலோடிய உயிரணுக்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்த, வளைந்து கொடுக்கிற சாதி அது. வெட்டுவாய் வந்தால் ஒதுங்கும், வளையும், இழுபடும், கடைசியில்தான் அறும். மழுங்கிய அரிவாளால் வாழை மட்டையை அறுத்தவர்களுக்கு இது புரியும். அறாமல் நின்றுபோன முனைகள்தான் துளையின் ஓரத்தில் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு காரணம் ஒட்டு. கண்ணாடி இழைக்கு ஆலையிலேயே ரெசின் பிடிக்கும்படி மேல்பூச்சு கொடுத்துதான் அனுப்புகிறார்கள். நம் நாருக்கு அந்தப் பூச்சு கிடையாது. நார் தண்ணீரை விரும்பும், ரெசின் தண்ணீரை ஒதுக்கும். இரண்டுக்கும் நடுவே பிடிப்பு குறைவாக இருப்பதால் பிட் இழுக்கிற இழுப்பில் நார் ரெசினிலிருந்து உருவிக்கொண்டு வருகிறது.

"பிசிறை உப்புத்தாள் வெச்சு தேய்ச்சுட்டா சரியாப் போச்சுல்ல?"

பிசிறு போய்விடும். சேதம் போகாது. துளையில் நாலு விதமான கேடு வரும். பிட் நுழையும் பக்கம் மேலடுக்கு உரிந்து எழும்பும். வெளிவரும் பக்கம் கீழடுக்கு பிதுங்கிப் பிரியும். துளையின் உள்சுவரில் நார் உருவிய இடங்களில் குழி விழும். சூடு ஏறினால் ரெசின் இளகிச் சுவரில் அப்பிக்கொள்ளும், நார் கருகவும் செய்யும். பிசிறு என்பது இந்த நாலும் வெளியே காட்டுகிற முகம் மட்டுமே.

தேய்த்து வழவழப்பாக்கிய துளையைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போயிருக்கும்.

"முன்பக்கம் சுத்தமா இருக்கு, பின்பக்கம் மட்டும் கன்னாபின்னான்னு போகுது. ஏன்?"

இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பிட் பலகைக்குள் பாதி தூரம் போயிருக்கும்போது அதன் அழுத்தத்தைத் தாங்க, அடியில் இன்னும் பல அடுக்குகள் இருக்கின்றன. முனை கீழே நெருங்க நெருங்கத் தாங்குகிற அடுக்குகள் குறைகின்றன. கடைசி ஒன்றிரண்டு அடுக்கு மட்டும் மிஞ்சும்போது பிட் அதை வெட்டுவதில்லை, தள்ளுகிறது. தள்ளிய அடுக்கு மேலடுக்கிலிருந்து பிய்ந்து விலகுகிறது.

இதை 1990-இல் ஹோசெங், தரன் என்ற ஆய்வாளர்கள் இருவர் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். அடுக்கு பிரியாமல் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம், பிட்டுக்குக் கீழே மிச்சமிருக்கும் தடிமனின் 1.5 படிக்கு (power 1.5) ஏற்ப மாறும். மிச்சத் தடிமன் பாதியானால் தாங்கும் அழுத்தம் பாதியாகாது. சுமார் 35 சதவீதமாக இறங்கிவிடும். 4 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தபோது தாங்கியதில் எட்டில் ஒரு பங்குதான் 1 மில்லிமீட்டர் மிச்சத்தில் தாங்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் கையை அடக்கத் தெரிந்தவருக்கு மற்ற தவறுகள் பெரும்பாலும் மன்னிக்கப்படும்.

"கடையில என்ன பிட் கேட்டு வாங்கணும்? கார்பைடு வாங்கினாத்தான் சரியா வருமா?"

வேண்டியதில்லை. கார்பைடின் பெருமை தேயாமல் இருப்பது. கண்ணாடி இழை பிட்டை அரம்போல் தேய்த்துவிடும், அங்கே அது காசுக்கு ஏற்ற பொருள். தாவர நார் அவ்வளவு தேய்க்காது. கூர்மையான ஹைஸ்பீடு பிட் ஒன்று நம் வேலைக்குப் போதும். "கூர்மையான" என்ற சொல்லில் மட்டும் சமரசம் வேண்டாம். இரும்பில் ஓட்டை போட்டு நாளான பிட்டை எடுத்து நார்ப் பலகையில் வைக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு செட் ஒதுக்கிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், மர ஆசாரிகள் வைத்திருக்கும் முக்கூர் பிட்டைத்தான் முதலில் சொல்வேன். நடுவில் ஊசிமுனையும் விளிம்பில் இரண்டு கத்திமுனையும் இருக்குமே, அது. விளிம்பின் கத்தி முதலில் நாரை வட்டமாக அறுத்துவிடுகிறது, அதன் பிறகுதான் உள்பகுதி வழிக்கப்படுகிறது. இழுபட நாருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சாதாரண முறுக்கு பிட்டில் நடுவே வெட்டாமல் அழுத்த மட்டுமே செய்யும் ஒரு குறுக்கு விளிம்பு உண்டு. மொத்த அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி அதிலிருந்தே வருகிறது. கத்திமுனை மழுங்கிய முக்கூர் பிட் சாதாரண பிட்டைவிட மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஆர்பிஎம் கூட்டணுமா, குறைக்கணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கொன்று சொல்லக் காரணம், இரண்டு வேகங்களைப் போட்டுக் குழப்புவதுதான். பிட் சுற்றும் வேகம் ஒன்று. ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பது இன்னொன்று. கீழடுக்கைப் பிரிக்கும் அழுத்தத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது இரண்டாவது. சுற்றுக்கு 0.05 மில்லிமீட்டர் இறங்கினால் மென்மையான இறக்கம், 0.3 இறங்கினால் முரட்டு இறக்கம்.

1000 ஆர்பிஎம்மில் சுற்றுக்கு 0.05 என்றால் நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் பலகையைத் தாண்ட 6 விநாடி ஆகும், பிட்டின் கூர்முனை முழுதாக வெளியே வர இன்னும் இரண்டு விநாடி. வாய்விட்டு எண்ணிப் பழகுங்கள். பட்டறையில் பெரும்பாலும் இதே வேலை இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது, அங்கேதான் கோளாறு.

அப்படியானால் 3000 ஆர்பிஎம் வைத்து இறக்கத்தைக் குறைக்கலாமே என்றால், ஓரளவுக்கு வைக்கலாம். 6 மில்லிமீட்டர் பிட் 1000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு சுமார் 19 மீட்டர் ஓடுகிறது. 3000-இல் 56 மீட்டருக்கு மேல். ஓட்டம் கூடினால் சூடு கூடும். உலோகம் மாதிரி இந்தப் பலகை சூட்டைக் கடத்தாது. உண்டான சூடு துளையிலேயே நிற்கும். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரியைத் தாண்டும்போதே இளக ஆரம்பிக்கும். 200 டிகிரிப் பக்கம் போனால் நாரே சிதையத் தொடங்கும். 6 மில்லிமீட்டர் துளைக்கு 1000 முதல் 1500 வரை வைத்துக்கொள்ளுங்கள். பிட் பெரிதாகப் பெரிதாக ஆர்பிஎம்மைக் குறையுங்கள். கருகல் வாசம் வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது உள்ளே இறங்காமல் ஒரே இடத்தில் தேய்க்கிறது.

"நீங்க சொல்றது பெஞ்ச் டிரில்லுக்கு. போட்டை எப்படிண்ணே பெஞ்ச்ல தூக்கி வைக்கிறது? நமக்கு கை டிரில்தான்."

நியாயமான கேள்வி. கை டிரில்லில் ஆபத்து எங்கே என்றால், முனை வெளியே வந்த கணத்தில் எதிர்ப்பு அற்றுப்போய், உடம்பின் பாரம் முழுவதும் பிட்டின் மேல் விழும். மேலே சொன்ன கடைசி மில்லிமீட்டரில், தாங்கும் சக்தி மிகக் குறைந்த இடத்தில், மிக அதிக அழுத்தம். பின்பக்கம் பிய்வதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

பின்னால் கை போகும் இடமென்றால், ஒரு பிளைவுட் துண்டை அல்லது மரக்கட்டையைப் பின்பக்கம் இறுக்கமாக வைத்து கிளாம்ப் போடுங்கள். இடைவெளி கூடாது, காகிதம் நுழையாத அளவுக்கு ஒட்டியிருக்க வேண்டும். வளைந்த பலகையானால் நடுவே கொஞ்சம் புட்டியைத் தட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கட்டையை அழுத்தி இறுகவிடுங்கள். கட்டை அந்த வளைவை எடுத்துக்கொள்ளும். பிட் பலகையைத் தாண்டிக் கட்டைக்குள் இறங்கட்டும். கட்டை கீழே தாங்குவதால் கடைசி அடுக்குக்குப் பிதுங்க இடமில்லை. எத்தனை ரூபாய் பிட் வாங்கினாலும் இந்தக் கட்டைத் துண்டு செய்கிற வேலையை அது செய்யாது.

கட்டை வைக்க முடியவில்லை, ஆனால் பின்னாலிருந்து டிரில் எட்டும் என்றால் இரண்டு பக்கமிருந்தும் போடுங்கள். முன்னாலிருந்து துளைத்து, ஊசிமுனை மட்டும் பின்னால் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் புள்ளியில் பின்பக்கமிருந்து முடிக்க வேண்டும். முக்கூர் பிட் இதற்கு அருமையாக ஒத்துவரும். பெட்டி போல் மூடிய இடத்தில், பின்னால் எதுவுமே எட்டாது என்றால், பிட்டில் ஒரு நிறுத்து வளையம் மாட்டிக்கொள்ளுங்கள். முனை வெளியே வந்ததும் வளையம் பலகையில் முட்டி பாரத்தை வாங்கிக்கொள்ளும். வளையம் கிடைக்காவிட்டால் சரியான நீளத்துக்கு அறுத்த பிவிசி குழாய்த் துண்டு போதும்.

"முதல்ல 3 எம்எம் போட்டு அப்புறம் 10 எம்எம் போட்டா நல்லதுன்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. முன்துளை இருந்தால், பிட் பற்றிய கேள்வியில் சொன்ன குறுக்கு விளிம்புக்கு அழுத்த எதுவும் இருக்காது. அழுத்தம் கணிசமாகக் குறையும். 10 மில்லிமீட்டருக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் முன்துளை சரியான அளவு.

கை டிரில்லில் ஒரு விபரீதம் உண்டு. முன்துளை இருக்கும்போது பெரிய முறுக்கு பிட் திருகாணி மாதிரி தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் அழுத்தவே இல்லை, ஆனாலும் அது கவ்வி இறங்கும். நுழையும் பக்க மேலடுக்கை உரித்து எழுப்புவதும் இதே இழுப்புதான். டிரில்லை அழுத்துவதைவிடப் பின்னால் இழுத்துப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டியிருக்கும். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் இந்த வம்பைக் குறைக்கும். 25 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் முறுக்கு பிட்டே வேண்டாம், வட்டமாக அறுக்கும் ஹோல்சா எடுத்து ஒரே முன்துளையை வைத்து இரண்டு பக்கமிருந்தும் அறுங்கள்.

"சூடாகாம இருக்க தண்ணி ஊத்திக்கிட்டே போடலாமா?"

கூடாது. அறுந்த நாரின் முனை திறந்த குழாய், தண்ணீரைக் குடித்துவிடும். எண்ணெயும் வேண்டாம், பிறகு ரெசினும் பெயிண்டும் அந்த இடத்தில் ஒட்டாது. கம்ப்ரசர் காற்று அடியுங்கள், இல்லாவிட்டால் நடுநடுவே பிட்டை எடுத்து ஆறவிடுங்கள். முகக்கவசம் போடாமல் காற்று அடிக்காதீர்கள். நார்த்தூசிதானே என்று அலட்சியம் வேண்டாம், அதில் ரெசின் தூசியும் கலந்திருக்கிறது.

"தம்பி, எங்ககிட்ட பனை நாரு இருக்கு, தென்னை நாரு இருக்கு, கத்தாழை நாரும் வாங்கலாம். எதுல செஞ்சா ஓட்டை போட நல்லது?"

அக்கா, துளைக்கு நல்லதும் பாரம் தாங்க நல்லதும் ஒரே நாராக இருப்பதில்லை. கற்றாழை நார் வலுவானது. இழுவலிமை பொதுவாக 400 முதல் 700 மெகாபாஸ்கல் வரை சொல்வார்கள். அது 2, 3 சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும், அதனால் பிட்டுக்கு ஓரளவு சுத்தமாக வெட்டுப்படும். தென்னை நார் 200-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் அறுவதற்கு முன் 15 முதல் 40 சதவீதம் வரை நீளும். நீள்கிற நார் வெட்டுப்படாமல் இழுபடும், பிசிறு அதிகம் வரும். அதில் லிக்னின் என்ற மரப்பொருள் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் தண்ணீரில் சீக்கிரம் மக்காது என்பது அதன் பக்கத்து நியாயம்.

பனந்தும்பு தடிமனான, கம்பி போன்ற நார். பிரஷ்ஷுக்கு அதனால்தான் அது கேட்கப்படுகிறது. பலகையில் அதே குணம் தொல்லை. ஒரு நார் உருவினால் பெரிய குழி விழும். பனை நாரைப் போடுவதென்றால் மெல்லிசாகக் கிழித்து, 2, 3 சென்டிமீட்டராக நறுக்கி, எல்லாத் திசையிலும் தூவி மேட் (பாய் போன்ற விரிப்பு) ஆக்குங்கள். ஒரே திசையில் அடுக்கிய பலகை துளை போடும்போது நாரின் ஓட்டத்திலேயே விரிசல் விட்டு நீளமாகப் பிளக்கும்.

எந்த நாராக இருந்தாலும் மேலும் கீழும் ஒரு அடுக்கு கண்ணாடி மேட்டோ மெல்லிய கண்ணாடித் துணியோ போட்டுவிடுங்கள். "அப்போ இயற்கைப் பொருள்னு எப்படி விக்கிறது?" என்று கேட்பீர்கள். உண்மைதான், விற்பனைக்கு அது இடிக்கும். கடலோரத்தில் துளை போட்டு மாட்டுகிற பொருளுக்கு அந்த இரண்டு அடுக்கு இல்லாமல் நான் கொடுக்கமாட்டேன்.

"சார், காஸ்டிக் சோடாவுல ஊற வெச்சா டேமேஜ் குறையுமா?"

பெரும்பாலும் குறையும். 5 சதவீதக் கரைசலில் சில மணி நேரம் ஊறும்போது நாரின் மேலுள்ள மெழுகும் பசையும் போய், மேற்பரப்பு சொரசொரப்பாகி ரெசின் நன்றாகப் பிடிக்கும். பிடிப்பு கூடினால் நார் உருவுவது குறையும். அதற்காக 10, 15 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போனால் நாரே பலம் இழந்துவிடும். ஊறவைத்ததில் காட்டுகிற அக்கறையைக் கழுவுவதிலும் உலர்த்துவதிலும் காட்டுங்கள். நம் கரையோரக் காற்றில் கிடக்கும் நாரின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஈரம்தான். அந்த ஈரத்தோடு ரெசின் ஊற்றினால் உள்ளே குமிழ் விழும், ரெசின் சரியாக இறுகாது. பிறகு எந்த பிட் வைத்தாலும் பிரியும். கையுறை, கண்ணாடி இல்லாமல் காஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

"ஓட்டை போட்டப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரு வாடைக்காலம் தாண்டுனதும் சுத்தி வெள்ளையா பூத்து வீங்குது. அது எப்படி?"

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இந்தக் கேள்வி எழாது. இங்கே எழும், எழவும் வேண்டும். பலகை முழுசாக இருக்கும்வரை மேல்பூச்சான ஜெல்கோட்டும் ரெசினும் நாரை மூடி வைத்திருக்கின்றன. துளை போட்டதும் சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான நார் முனைகள் திறந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் உள்குழல் வழியே ஈரத்தைப் பலகைக்குள் கடத்தும். நார் ஈரம் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். பருக்கும்போது சுற்றியுள்ள ரெசினில் நுண்விரிசல் விழுகிறது. சுருங்கும்போது நாருக்கும் ரெசினுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அடுத்த ஈரம் அந்த இடைவெளியில் இன்னும் உள்ளே போகிறது. வாடைக்காற்றில் நனைவதும் பகல் வெயிலில் காய்வதுமாக இது தினப்படி நடக்கும்.

உப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. கடல் தண்ணீர் காய்ந்து துளைக்குள் நின்ற உப்பு, மழை இல்லாத நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போல்ட் போட்டிருந்தால், நார் பருத்துச் சுருங்கியதில் அதன் இறுக்கமும் போய்விடும். பிறகு இன்ஜின் அதிர்வில் போல்ட் ஆடி, துளை நீள்வட்டமாகும்.

இந்த வெள்ளைப் பூப்பு தொடங்குவது அடுக்கு பிரிந்த இடத்தில்தான். துளை போட்ட அன்று காசால் தட்டி இரண்டாவது கேள்வியில் சொன்ன சோதனையைச் செய்திருந்தால், எங்கே வீங்கும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அப்ப எப்படி அடைக்கிறது? ஜெல்கோட் தொட்டு வெச்சாப் போதுமா?"

போதாது. ஜெல்கோட் தோல் மாதிரி மேலே நிற்கும், போல்ட் திருகும்போதே பெயர்ந்துவிடும். செய்ய வேண்டியது இதுதான். 10 மில்லிமீட்டர் போல்ட் போட வேண்டுமென்றால் 14 மில்லிமீட்டர் துளை போடுங்கள். காற்றடித்துத் தூசியை நீக்கி, நன்றாக உலரவிட்டு, முதலில் நீர்த்த எபாக்சியைத் துளைச் சுவரில் தாராளமாகத் தடவுங்கள். திறந்த நார் முனைகள் கடல் தண்ணீருக்குப் பதில் எபாக்சியைக் குடிக்கட்டும். கொஞ்சம் பிரிந்திருந்த அடுக்குகளுக்குள்ளும் அது ஊறி ஒட்டிவிடும். பிசுபிசுப்பு இருக்கும்போதே பின்பக்கம் டேப் ஒட்டி, சிலிகாத் தூளோ அரைத்த கண்ணாடி இழையோ கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் துளையை நிரப்புங்கள். முழுக்க இறுகியபின் நடுவில் 10.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது நார் இல்லாத எபாக்சி வளையம். தண்ணீருக்கு வழியில்லை.

பாலியெஸ்டர் பலகையிலும் இந்த வேலைக்கு எபாக்சிதான். இறுகிப்போன பாலியெஸ்டரில் எபாக்சி நன்றாக ஒட்டும். ஏற்கெனவே வெள்ளை பூத்த துளைகளுக்கும் இதே வைத்தியம். ஆனால் முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, பல நாள் வெயிலில் காயவைத்து, பூத்த பகுதி முழுவதும் போகும் அளவுக்குப் பெரிதாக வெட்டியெடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெயிலும் உண்டு, படகும் கரையில் நிற்கும். துளை வேலைகளை அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போட வேண்டி வந்தால், காலையில் போட்ட துளையை இரவு திறந்தபடி விடாதீர்கள்.

"ஓரத்துலேர்ந்து எவ்வளவு தள்ளி போடணும்?"

துளையின் நடுவிலிருந்து பலகை ஓரம் வரை போல்ட் விட்டத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு, இரண்டு துளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மடங்கு என்பது கண்ணாடி இழைப் பலகைக்கான வழக்கம். நார்ப் பலகைக்கு நான் ஒரு மடங்கு சேர்த்தே சொல்வேன். 10 மில்லிமீட்டர் போல்ட்டானால் ஓரத்திலிருந்து 40, துளைக்குத் துளை 50. வாஷர் பெரிதாகப் போடுங்கள். அவசரத்துக்கு வாஷர் இல்லாமல் நட்டை முறுக்குவது, பிரியாத அடுக்கையும் நசுக்கிப் பிரிப்பது.

"எஸ்எஸ் போல்ட் போட்டா நாரோட ஒத்துக்குமா?"

ஒத்துக்கொள்ளும். கார்பன் இழையில் உலோகத்துக்கு மின்அரிப்புத் தொல்லை உண்டு, தாவர நாரில் கிடையாது. ஆனால் எஸ்எஸ்ஸில், அதாவது துருப்பிடிக்காத எஃகில், 304 வகை நம் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு எடுக்கும். 316 கேட்டு வாங்குங்கள்.

"சார், டிலாமினேஷன் ஃபேக்டர் கண்டுபிடிச்சுட்டேன், 1.5 வருது. இது நல்லதா கெட்டதா?"

டிலாமினேஷன் என்றால் அடுக்குப் பிரிவு. அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சேதம் எட்டிய மிகப்பெரிய விட்டத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. 6 மில்லிமீட்டர் துளையில் சேதம் 9 வரை போனால் 1.5. ஆனால் ஒரே ஒரு நார் ஒரு பக்கம் நீளமாகப் பிளந்திருந்தாலும் 1.5, சுற்றிலும் வளையமாக எல்லா அடுக்கும் பிரிந்திருந்தாலும் 1.5. இரண்டும் ஒன்றா?

இந்தக் குறைக்காகத்தான் ஆய்வாளர் டேவிமும் அவருடன் இருந்தவர்களும் 2007-இல் திருத்திய காரணியைக் கொண்டுவந்தார்கள். முதலில் சேதப் பரப்பை, பெரிய வட்டத்துக்கும் துளைக்கும் நடுவேயுள்ள வளையப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். பழைய காரணியின் வர்க்கத்திலிருந்து அதே காரணியைக் கழித்து, வந்ததை அந்த விகிதத்தால் பெருக்கிப் பழைய காரணியோடு கூட்டுங்கள். வளையத்தில் 5 சதவீதம் மட்டும் சேதமென்றால் 1.5 என்பது 1.54 ஆகும். வளையம் முழுவதும் சேதமென்றால் 2.25. நார்ப் பலகையில் சேதம் வட்டமாக வருவதே அரிது, ஆகவே இரண்டு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். நுழையும் பக்கத்துக்கும் வெளிவரும் பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

"மைக்ராஸ்கோப் காலேஜ்ல கிடைக்கல. ஆபீஸ் ஸ்கேனர்ல எடுக்கலாமா? இங்க் தடவி எடுத்தா தெளிவா தெரியுது."

ஸ்கேனர் தாராளமாகப் போதும். 1200 டிபிஐயில் ஒரு புள்ளி சுமார் 0.02 மில்லிமீட்டர். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஸ்கேன் செய்யுங்கள், அளவைச் சரிபார்க்க உதவும். பிசிறை வெட்டாமல் ஒன்று, பிளேடால் வெட்டியபின் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். பிசிறின் நிழலைப் பலர் பிரிந்த அடுக்காக அளந்துவிடுகிறார்கள்.

இங்க்கில்தான் ஏமாற்றம் இருக்கிறது. கண்ணாடி இழைப் பலகையில் இங்க் பிரிந்த இடுக்குக்குள் மட்டும் போகும். இங்கே நாரே இங்க்கைக் குடித்து, சேதமில்லாத இடத்துக்கும் கொண்டுபோகும். வாடைக்காலக் கேள்வியில் சொன்ன அதே குழல்தான். தடவிய உடனே துடைத்து எடுத்த படத்துக்கும் பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்துக்கும் பரப்பு வேறுபட்டால், நீங்கள் அளந்தது பிரிந்த அடுக்கை அல்ல.

"எல்9 டகுச்சி போட்டு நாலு ஃபேக்டர் எடுத்திருக்கேன். அனோவாவுல எரர் ஜீரோ காட்டுது. சாஃப்ட்வேர் தப்பா?"

சாஃப்ட்வேர் சரிதான். எல்9 என்பது டகுச்சி முறையின் சோதனை அட்டவணை, அனோவா என்பது எந்தக் காரணி எவ்வளவு பாதிக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கணக்கு. எல்9-இல் 9 சோதனை, அதாவது 8 விடுதலைப்படி (degrees of freedom). மூன்று நிலை கொண்ட ஒரு காரணி 2 எடுத்துக்கொள்ளும், நாலு காரணி 8-ஐயும் தின்றுவிடும். பிழைக்கு ஒன்றும் மிச்சமில்லை. எந்தக் காரணி உண்மையில் முக்கியம் என்று சோதிக்கவே முடியாது. ஒவ்வொரு சோதனையையும் மூன்று துளை போட்டுத் திரும்பச் செய்யுங்கள், பிழைக்கு இடம் வரும். அப்போதும் இறக்க வேகமும் முனைக்கோணமும் சேர்ந்து செய்யும் வேலையை எல்9 தனியாகக் காட்டாது. அதற்கு 27 சோதனை கொண்ட எல்27 வேண்டும்.

வரிசையையும் கலைத்துப் போடுங்கள். சிறிய வேகத்தில் தொடங்கிப் பெரிய வேகத்தில் முடித்தால், கடைசித் துளைகளில் பிட் மழுங்கியதை வேகத்தின் குற்றமாக எழுதிவிடுவீர்கள். பலகையை எத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் குறியுங்கள். மழை நாளில் திறந்து கிடந்த பலகையும் ஏசி அறையில் இருந்த பலகையும் ஒரே பலகை அல்ல.

"லேசர், வாட்டர்ஜெட்லாம் இருக்கே, அதுல போட்டா?"

லேசர் நாரைக் கருக்கும். வாட்டர்ஜெட் முதல் குத்தில் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரைப் பாய்ச்சிப் பிரித்துவிடும், நாரும் நனைந்துவிடும். ஓரத்தை அறுக்க அது நன்றாக உதவும், பலகை நடுவில் துளை தொடங்க அல்ல.

"ஓட்டையே போடாம, அச்சுலயே குச்சி வெச்சு வார்த்துட்டா என்னண்ணே?"

ஒரே அளவு மூடி, ஒரே இடத்தில் துளை என்று நிறையச் செய்பவர்களுக்கு இது நல்ல வழி. பெட்டி மூடி, இருக்கைப் பலகை மாதிரி. நார் அறுபடாமல் குச்சியைச் சுற்றி ஒதுங்கி வளைந்து போகும், திறந்த முனை மிகக் குறைவு. குச்சிக்கு மெழுகு தடவி, எடுக்க வசதியாக நுனியை லேசாகக் கூம்பாக்குங்கள். குச்சியைச் சுற்றி நார் நெருக்கியும் அதற்கடுத்து ரெசின் மட்டும் தேங்கியும் நிற்கும். நார் மேட்டைக் குத்திக் கிழிக்காமல் விரலால் விலக்கி இறக்கினால் அந்தத் தேக்கம் குறையும்.

அடிப்பலகை, இன்ஜின் பொருத்தும் பின்பலகை ஆகியவற்றுக்கு வார்த்த துளையும் வேண்டாம், போட்ட துளையும் வேண்டாம். அந்த இடங்களில் நார்ப் பலகையே வேண்டாம். வெளிநாட்டில் ஆளிச்செடி (ஃபிளாக்ஸ்) நாரில் படகு கட்டுகிறார்களே என்று காட்டுவார்கள். அந்த நார் வேறு, ஆலையில் நெய்த துணி வேறு, வெற்றிடத்தில் ரெசின் ஏற்றும் முறை வேறு. பாம்பன் கால்வாயில் இன்ஜின் கழன்றால் நீந்த வேண்டியது நாம்தான்.